பெறுநர் பேச மறுத்தார்

இவ்வட்டாரத்தில் ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்ப விரும்புவோருக்கு ஒரே ஒரு பார்சல் நிறுவனம்தான் உண்டு. அந்நிறுவனம் பொருளைக் கொண்டுசேர்ப்பதோடு, அப்பொருள் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு செயலியின் வழியாக அறிவித்து வருகிறது. இவ்விரு பணிகளுள் இரண்டாவதையே அது மிகுந்த ஈடுபாட்டுடன் செய்கிறது என்பதை மறுப்பாரில்லை.

அச்செயலியைக் கைப்பேசியில் வைத்திருப்போர், தமது பார்சல் எந்தக் கிடங்கில், எத்தனையாவது அடுக்கில், எவ்வளவு நேரமாக அசையாமல் கிடக்கிறது என்பதை உடனுக்குடன் அறிந்து மனநிறைவு கொள்ளலாம். அறிவிப்பு ஒவ்வொன்றும் ‘மகிழ்ச்சி’ என்னும் சொல்லோடு தொடங்கும். “மகிழ்ச்சி. உங்கள் பார்சல் தாமதமாகிறது” என்று ஓர் இளம்பெண்ணின் குரல் கூறும். “மகிழ்ச்சி. உங்கள் பார்சல் தவறான ஊரைப் பாதுகாப்பாகச் சென்றடைந்தது” என்றும் கூறும். அக்குரலில் குறை காண இயலாது. அது எவருடைய துன்பத்தையும் தன்மேல் ஏற்றிக்கொள்ளாத தூய குரல்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இக்குரலை ஒன்பது நாள்களாக நாளொன்றுக்குப் பதினான்கு முறை கேட்டுவந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோராம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் இடையே லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே சிக்கியவர்களிடம் “பயப்படாதீங்க, கயிறு அறுந்து போகாது” என்று கதவின் இடுக்கு வழியாகப் பேசுவது அவருடைய தொழிலின் ஒரு பகுதி. ஆகையால் பிறரைப் பொறுமையாக இருக்கச் சொல்லிப் பழகியவர். தாம் பொறுமையாக இருந்து பழகியவரல்லர்.

அவருக்கு ஓர் அக்கா. இரண்டாண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை செய்து அக்காவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றுமுதல், கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் உதட்டசைவைப் பேச்சாக்கித் தரும், டார்ச் விளக்கைப் போன்ற ஒரு கருவியால் அவர் பேசிவந்தார். அக்கருவியில் ஏற்ற இறக்கம் கிடையாது. ஆணோ பெண்ணோ எவர் வைத்துப் பேசினாலும் ஒரே ரீங்காரம்தான். அக்காவின் கணவர் பிறவியிலேயே பார்வையற்றவர். முப்பத்தோராண்டுகள் ஓர் அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனிதர்களைக் குரலால் மட்டுமே அறிந்தவர்.

கருவி வந்த முதல் நாளில் அவர் நெடுநேரம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “இப்பதான் நீ சொல்றது தெளிவா கேட்குது. முன்னாடியெல்லாம் பாதி வார்த்தையை முழுங்கிடுவே” என்றார். எதிரிலிருந்து ஓசையொன்றும் எழவில்லை. சற்றுப் பொறுத்துக் கருவி ரீங்கரித்தது: “சிரிக்கிறேன்.”

இவ்வாண்டு நோய் திரும்பிவந்தது. இன்னும் சில வாரங்கள்தான் என்று மருத்துவர் மெக்கானிக்கைத் தனியே அழைத்துச் சொன்னார். அக்காவோ அதை அவருக்கு முன்பே அறிந்திருந்தார். அந்த வாரத்திலேதான் கருவியின் பொத்தான் பழுதாயிற்று. வேறொரு கருவிக்கு மருத்துவமனையில் மூன்று மாதக் காத்திருப்பு. பழுதுபார்க்கும் பணிமனையோ இரண்டே நாளில் வேலையை முடித்து, உரியவரின் பெயருக்கே அனுப்ப வேண்டும் என்ற விதிப்படி அக்காவின் பெயரெழுதி, மேற்படி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது.

கருவி வரும்வரை அக்கா ஒரு சிலேட்டில் எழுதினார். மெக்கானிக் அதை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அத்தானுக்குத் தெரிந்தது தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. அதை அக்கா கற்கவில்லை. அருகருகே அமர்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்த இருவருக்கு அது தேவையென்று எவருக்கும் தோன்றவில்லை. “சட்டையை மாத்தச் சொல்லு.” “மாத்திரை நீலம் காலையில, வெள்ளை ராத்திரி.” இவையெல்லாம் தம்பியின் வாய்வழியாகத் தடையின்றிச் சென்றன.

நான்காம் நாள் அக்கா நீண்டநேரம் எழுதினார். மெக்கானிக் சிலேட்டை வாங்கி வழக்கம்போல் தொடங்கினார்:

“நான் போன பிறகு நீங்க…”

அக்கா சிலேட்டைப் பறித்து உள்ளங்கையால் அழித்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, நிறுத்திட்டே?” என்றார் அத்தான்.

“அழிச்சுட்டா, அத்தான்.”

“ஏனாம்?”

அக்கா மறுபடியும் எழுதினார். மெக்கானிக் அதைப் படித்தார்: “இது உனக்கில்லைன்னு எழுதியிருக்கா.”

அத்தான் சிறிதுநேரம் தம் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “சரி. பார்சல் எங்க வருதுன்னு பாரு” என்றார்.

எழுதியதை வாசித்துக் காட்டும் வசதி கைப்பேசியிலேயே உண்டு என்று மெக்கானிக் கேள்விப்பட்டார். மறுநாள் அக்கா தட்டச்சு செய்ய, கைப்பேசி பேசிற்று. அத்தான் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“யாரு இது?”

“அக்கா எழுதினதைத்தான் படிக்குது, அத்தான்.”

“இவ குரல் எனக்குத் தெரியுமே. பார்சல் லேட்டுன்னு தினமும் சந்தோஷமா சொல்றாளே, அவதானே? இந்தப் பொண்ணை நடுவுல உக்கார வெச்சுக்கிட்டு நான் எங்க வீட்டுக்காரிகிட்ட என்னத்தைப் பேசுறது?”

கைப்பேசியை அணைத்தவர் அக்காதான்.

பத்தாம் நாள் காலை, நிறுவனத்தின் வண்டி வாசலில் வந்து நின்றது. மெக்கானிக் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். டெலிவரிக்காரர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “ஐயா, பார்சல் இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. ஆனா பொட்டி என் பேச்சைக் கேட்காது. செயலி அம்மாவுக்கு போன் பண்ணும். ஆறு நம்பர் சொல்லும். அம்மா அதைத் திருப்பிச் சொன்னா தானா திறந்துக்கும்” என்றார்.

இது நிறுவனம் அண்மையில் புகுத்திய ‘குரல் உறுதி’ முறை. கையொப்பத்தைப் போலியாக இடலாம். குரலைப் போலியாக இட முடியாது என்பது அதன் அடிப்படைத் தத்துவம்.

அக்காவின் கைப்பேசி ஒலித்தது. ஆறு எண்களும் வந்தன. அக்கா உதட்டை அசைத்தார். “மகிழ்ச்சி. கேட்கவில்லை. சற்று உரக்கப் பேசுங்கள்” என்றது குரல். அக்கா மேலும் அகலமாக வாயைத் திறந்து அசைத்தார். “மகிழ்ச்சி. இன்னும் சற்று உரக்க.”

அடுத்த அழைப்புக்கு மெக்கானிக் தம் தொண்டையை இயன்றவரை மென்மையாக்கிக்கொண்டு எண்களைச் சொன்னார். தெருவில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தனர். குரல் பொருந்தவில்லை. மூன்றாவது அழைப்புக்கு மேல்மாடித் தையற்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து சொன்னார். அதுவும் பொருந்தவில்லை. ஏனெனில் மூன்றாண்டுகளுக்கு முன், அத்தானுக்குப் புள்ளி எழுத்துத் தாள் வரவழைப்பதற்காக அக்கா இதே நிறுவனத்தில் கணக்குத் தொடங்கியபோது, தொலைபேசியில் அவர் எண்களைச் சொன்னது பதிவாகியிருந்தது; அதையே நிறுவனம் இப்போது குரல் மாதிரியாக எடுத்துக்கொண்டிருந்தது. அது அறுவை சிகிச்சைக்கு முந்தைய குரல்.

“இதுக்குள்ள என்ன இருக்கு, ஐயா?” என்று டெலிவரிக்காரர் கேட்டார்.

“அவ குரல்தான் இருக்கு.”

டெலிவரிக்காரர் வண்டியின் பின்புறப் பெட்டியைப் பார்த்தார். கையால் ஒருமுறை இழுத்தும் பார்த்தார். அது திறக்கவில்லை. “எனக்கு எட்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க” என்று தலையைக் குனிந்துகொண்டே வண்டியை எடுத்தார். தெருமுனையை அடையுமுன் செயலி அறிவித்தது:

“மகிழ்ச்சி. பெறுநர் பேச மறுத்தார்.”

வட்டார அலுவலகம் குளிரூட்டப்பட்ட பெரிய கூடம். சுவரில் ஒரு பலகை, ‘இம்மாத மகிழ்ச்சிக் குறியீடு 98.4’ என்று ஒளிர்ந்தது. அதன் கீழே நாற்பது பேர் மகிழ்ச்சியின் சாயல் எதுவுமின்றி அமர்ந்திருந்தனர். ஒருவர் மடியில் காலிப் பெட்டி. ஒருவர் மடியில் வேறொருவருடைய காலணிகள். மெக்கானிக்கின் முறை வர இரண்டு மணி நேரமாயிற்று.

குரல் உறுதி அலுவலர் இளைஞர்; மரியாதை தெரிந்தவர். எல்லாவற்றையும் கேட்டபின் பரிவோடு பேசினார்.

“உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க பொருளைக் குடுக்குற கம்பெனின்னு நிறையப் பேரு நினைக்கிறாங்க. அது இல்ல. நாங்க உறுதியைக் குடுக்குற கம்பெனி. பொருள் தொலைஞ்சா வேற வாங்கிக்கலாம். உறுதி தொலைஞ்சா எங்க போய் வாங்குவீங்க?”

“அவளால பேச முடியாது தம்பி. பேசுறதுக்கான கருவிதான் உங்ககிட்ட இருக்கு.”

“அதான் சார். கருவியைக் குடுத்துட்டா அவங்க பேசிடுவாங்க, பேசிட்டா நாங்க குடுத்துடலாம். ஒரே ஒரு படிதான் முன்னப்பின்ன இருக்கு.” அலுவலர் காதொலிக் கருவியை அவரிடம் நீட்டினார். “சந்தேகம் இருந்தா நீங்களே கேட்டுப் பாருங்க. சிஸ்டத்துல இருக்குற குரல் இது. இதே மாதிரி பேசினாப் போதும்.”

மெக்கானிக் அதைக் காதில் பொருத்திக்கொண்டார். பொத்தான் தட்டப்பட்டது.

“…பேரு சொல்லணுமா, நம்பர் மட்டும் போதுமா? சரி, ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு, நாலு, ஒண்ணு. போதுமாம்மா? அடுப்புல வெச்சுட்டு வந்தேன்.”

அவ்வளவுதான், பதினோரு விநாடி. இரண்டாண்டுகளாக இவ்வுலகில் எங்கும் கேட்காத குரல். வார்த்தைகளைப் பாதி பாதியாக விழுங்கிக்கொண்டு, அவசரமாக, சற்றே எரிச்சலாக.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார் மெக்கானிக்.

“ஒரு புகாருக்கு ஒரு தடவைதான் சார்.”

மெக்கானிக் வெளியே சென்று, வரிசையின் கடைசியில் அமர்ந்து, இரண்டாவது புகாரை எழுதினார். ‘புகாரின் பொருள்’ என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் ‘மேற்படி’ என்று எழுதினார். மாலைக்குள் மூன்றாவதையும் எழுதினார். ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று புகார்களே அனுமதி என்று அலுவலர் தெரிவித்தபோது அவர் எழுந்தார்.

மறுநாள் அத்தானை அழைத்துச் சென்றார். பார்வையற்ற ஒருவர் வந்திருக்கிறார் என்றறிந்து வட்டார மேலாளரே அறையிலிருந்து வெளிப்பட்டு, அத்தானின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

“மாற்றுத்திறனாளிகளுக்காக நாங்க எவ்வளவோ பண்றோம் சார். உங்களை மாதிரி இருக்குறவங்களுக்காகத்தான் எழுத்தையே எடுத்துட்டு எல்லாத்தையும் குரலா மாத்தினோம். போன வருஷம் இதுக்கு அவார்டு வாங்கினோம். அப்ப மேடையில நான் சொன்னேன், இனிமே எங்க கஸ்டமர் ஒருத்தர் கூட எழுத வேண்டிய அவசியமே வராதுன்னு. கைதட்டல் நிக்கவே இல்ல.”

“என் சம்சாரம் எழுதத்தான் முடியும்” என்றார் அத்தான்.

மேலாளர் யோசித்தார். “அது ரொம்ப அபூர்வம் சார். அதுக்கும் வழி வெச்சிருக்கோம். குரல் இழப்பு விண்ணப்பம்னு ஒண்ணு இருக்கு. செயலியைத் திறந்து, ‘எனக்குக் குரல் இல்லை’ன்னு அவங்க மூணு தடவை தெளிவா சொன்னாப் போதும்.”

“அவளே சொல்லணுமா?”

“பின்ன, வேற யாராவது சொன்னா நம்ப முடியுமா சார்? ஆளாளுக்கு அடுத்தவங்களுக்குக் குரல் இல்லைன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவாங்களே.”

மெக்கானிக் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். “அந்தப் பதிவைக் கேட்கணும்னுதான் வந்தேன்” என்றார்.

மூன்று புகார்கள் எழுதப்பட்டன. மூன்று முறையும் அத்தான் எழுந்து நின்றே கேட்டார். மூன்றாவது முறை முடிந்தபின்னும் காதொலிக் கருவியைக் கழற்றவில்லை. “இதை எனக்கு ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா?” என்று கேட்டார்.

“அது அவங்க சொத்து சார்” என்றார் மேலாளர், மிகுந்த அக்கறையுடன். “அடுத்தவங்க குரலை நாங்க யாருக்கும் குடுக்க மாட்டோம். அவங்க வந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாங்கன்னா, அந்த நிமிஷமே குடுத்துடுவேன்.”

குரல் இழப்பு விண்ணப்பத்தைக் கணவர் என்ற முறையில் அத்தான் எழுத்தில் கொடுக்கலாமா என்பது பற்றித் தலைமையகத்தின் கருத்தைக் கேட்டு இருபத்தொரு வேலை நாள்களில் பதிலளிப்பதாக மேலாளர் உறுதி கூறினார். அவ்வுறுதியையும் தம் குரலிலேயே பதிவுசெய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் கட்டிலருகே அமர்ந்து, “இன்னிக்கு உன் குரலைக் கேட்டேன்” என்றார்.

அக்கா சிலேட்டில் எழுத, மெக்கானிக் படித்தார்: “என்ன சொன்னேனாம்?”

“அடுப்புல வெச்சுட்டு வந்தேன்னு சொன்னே. அவசரமா சொன்னே.”

அக்கா எழுதினார். “அன்னிக்கு அது அடிபிடிச்சுப் போச்சு. நீங்க ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டீங்க.”

“எனக்குத் தெரியும், அடிபிடிச்சதுதான்னு” என்றார் அத்தான். “ஆனா சொன்னா நீ வருத்தப்படுவே.”

அதன்பின் அக்கா எழுதவில்லை. விரல்களுக்குப் பல்பத்தைப் பிடிக்கும் வலுவில்லாமற் போயிற்று. ஐந்தாம் நாள் பிற்பகல் மூச்சு மாறியது. அத்தான் அவர் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் உதடுகள் அசைந்தன. உற்றுப் பார்த்திருந்தால் மெக்கானிக்கால் அதைப் படித்திருக்க முடியும். பதினைந்து நாள்களில் அவருக்கு அப்பழக்கம் ஏற்பட்டிருந்தது. அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தான் தம் விரல்நுனிகளை அக்காவின் உதடுகள்மேல் வைத்து, அவை அசைந்த நேரம் முழுதும் அப்படியே வைத்திருந்தார்.

“என்ன சொல்றா, மாப்பிள்ளை?” என்று கடைசியில் கேட்டார்.

மெக்கானிக் திரும்பியபோது உதடுகள் நின்றுவிட்டிருந்தன.

மேசைமேல் கைப்பேசி ஒளிர்ந்தது. “மகிழ்ச்சி. உங்கள் விண்ணப்பம் அடுத்த மேசையை நோக்கி முன்னேறுகிறது.”

நான்கு நாள் கழித்து, இனி இந்த அறிவிப்புகள் வேண்டாம் என்று மெக்கானிக் செயலியைத் திறந்தார். பார்சலை வேண்டாமென்று விடுவதற்குரிய காரணங்களின் பட்டியலில், ‘நிறம் பிடிக்கவில்லை’, ‘மனம் மாறிவிட்டது’ ஆகியவற்றுக்குக் கீழே, ‘பெறுநர் காலமானார்’ என்றிருந்தது. அதைத் தொட்டார். ஒரு நிமிடத்திற்குள் மேலாளரே தொலைபேசியில் அழைத்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு சார். ஆனா ஒரு நல்ல செய்தி. உங்க கேஸ் இப்ப வாரிசுப் பிரிவுக்கு மாறிடுச்சு. எங்க கம்பெனியிலேயே வேகமான பிரிவு அதுதான். இதுல தாமதம்னு ஒண்ணு இதுவரைக்கும் நடந்ததே இல்ல. இதை முன்னாடியே பண்ணியிருந்தீங்கன்னா இவ்வளவு அலைச்சலே இருந்திருக்காது.”

வாரிசின் குரலுக்கு முன்மாதிரி எதுவும் பதிவில் இல்லாமையால், எக்குரலும் பொருந்தும் என்பது அப்பிரிவின் விதி. நாற்பது நிமிடத்தில் வண்டி வந்தது. அத்தான் ஆறு எண்களையும், முப்பத்தோராண்டு பயிற்சியால் எழுத்துப் பிசகாமல், நிதானமாகச் சொன்னார். பெட்டி திறந்துகொண்டது.

அதே டெலிவரிக்காரர்தான் வந்திருந்தார். பார்சலை அத்தானின் கையில் வைத்துவிட்டு, “அம்மா இப்ப…” என்று தொடங்கியவர், துக்கம் கேட்க வந்தவர்களின் செருப்புகள் வாசலில் கிடப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எட்டு நிமிடம் முடியும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

அவர் போனபின் கைப்பேசி பேசியது. “மகிழ்ச்சி. உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது. காலமானவரின் தனியுரிமையை மதித்து, அவருடைய குரல் பதிவு நிரந்தரமாக அழிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

அத்தான் அதைக் கேட்டார். பார்சலின் ஒட்டுத்தாளை நகத்தால் நெருடி நெருடிப் பிரித்தார். கருவி பழுதின்றி இருந்தது. பணிமனைக்காரர்கள் புதுப் பொத்தான் பொருத்தித் துடைத்து அனுப்பியிருந்தார்கள்.

“ஆஸ்பத்திரியில குடுத்துடலாமா, அத்தான்? வேற யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார் மெக்கானிக்.

“குடுத்துடலாம். நாளைக்குக் கொண்டுபோய்க் குடு.”

மெக்கானிக் அறையைவிட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்த மறந்தார். அத்தான் கட்டிலருகே இருந்த தம் நாற்காலியில் அமர்ந்து, கருவியைத் தம் கழுத்தில் வைத்து, ஒலி வரும் இடத்தைச் சற்றே நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடித்தார். பொத்தானை அழுத்தி, மூச்சை அடக்கி, உதட்டை மட்டும் அசைத்தார்.

“ஏங்க,” என்றது கருவி. “இருக்கீங்களா?”

அவர் கருவியைக் கீழே இறக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, காலியான கட்டிலின் பக்கம் காதைச் சாய்த்து, “இங்கதான் இருக்கேன். சொல்லு” என்றார் தம் குரலில்.

பிறகு கருவியை மறுபடியும் கழுத்தில் வைத்து அழுத்தினார். உதடுகள் ஒன்றிரண்டு முறை திறந்து மூடின. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல் ஏதுமில்லாத ஒலி மட்டும் அறையில் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.